கெடிலக்கரைக் கோட்டையும் பேய்க்கதைகளும்

கடலூர்ப் புதுநகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை தேவனாம்பட்டினக் கடற்கரையில் சென்று முடிகிறது. மாலை வேளையில் சுண்டல் விற்போரும் பட்டம் விடும் சிறுவரும் குடும்பத்தோடு காற்று வாங்க வருவோரும் அங்கு நிறைந்திருப்பர். அக்கூட்டத்தைவிட்டுச் சற்று விலகி, கெடில ஆறு கடலோடு கலக்கும் பக்கமாகச் சென்றால், முட்புதர்களுக்கிடையே சிதைந்த செங்கற்சுவர்கள் தென்படும். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாக விளங்கிய புனித டேவிட் கோட்டையின் எச்சம் அது.

இடிந்த கோட்டை இருந்தால் அதற்கொரு பேய்க்கதையும் இருக்கும். துரைமார் வாழ்ந்த பழைய மாளிகைகள் உள்ள தமிழக ஊர்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வகையான கதைகளே வழங்குகின்றன. நள்ளிரவில் குதிரைக் குளம்பொலி கேட்கும். யாருமில்லாத மாடத்தில் சுருட்டு மணக்கும். தலையற்ற வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் காவல் சுற்றுவான். இவற்றோடு தவறாமல் ஒரு சுரங்கப்பாதையும் வரும். அது அடுத்த ஊர்க் கோட்டைக்கோ பெரிய கோயிலுக்கோ போகும். உள்ளே நுழைந்தவர் எவரும் மீண்டதில்லை என்று கதை முடியும்.

கடலூரைப் பொறுத்தவரை, சுரங்கக்கதை முழுவதும் கற்பனையன்று. இக்கோட்டையின் புறச்சரிவுக்கு அடியில் நிலத்தடி வழி ஒன்று சுற்றிலும் ஓடியதாக ஆங்கிலேயர் ஆட்சிக்கால அரசிதழ்த் தொகுப்பு குறிப்பிடுகிறது. காவற்படையினர் பகைவர் கண்ணிற்படாமல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல அது பயன்பட்டது. அதிலிருந்து குறுக்காகப் பிரிந்த கிளைவழிகளின் முனையில் வெடிமருந்து அறைகள் இருந்தன. மேலே பகைவர் திரண்டு நிற்கும்போது கீழே மருந்திற்குத் தீ வைப்பதற்கான ஏற்பாடு அது. தென்கிழக்கு மூலையில் அவ்வழி கடலோரம்வரை இறங்கியது. கதை சொல்வோர் அதைச் சில காதங்கள் நீட்டிவிட்டனர், அவ்வளவே.

கோட்டையின் பெயருக்குள்ளும் ஓர் இழப்பு மறைந்திருக்கிறது. செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடமிருந்து 1690ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி இதனை விலைக்கு வாங்கியபோது சென்னையின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். அவருடைய முன்னோர் வேல்சு நாட்டினர்; அந்நாட்டின் காவற் புனிதர் டேவிட். யேலின் மகன் ஒருவனுக்கும் டேவிட் என்பதே பெயர். அக்குழந்தை நான்கு வயது நிரம்புமுன் இறந்து, சென்னையில் அடக்கம் செய்யப்பட்டது. புனிதரை எண்ணிச் சூட்டினாரோ, புதல்வனை எண்ணிச் சூட்டினாரோ, பெயர் ஒன்றே.

விற்பனை முறை விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடும்போது குண்டு விழும் தொலைவுவரை உள்ள நிலம் முழுவதும் கம்பெனிக்கு உரியது என்பது உடன்படிக்கை. ஆகவே நல்ல பீரங்கியாகத் தேடியெடுத்து நாற்புறமும் சுட்டனர். அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதனைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காலையில் வயலுக்குப் போன உழவன் ஒருவன், வானத்திலிருந்து விழுந்த இரும்பு உருண்டையால் மாலைக்குள் வேறோர் ஆட்சியின் குடியானான். பேய்க்கதையில்கூட இத்தகைய நிகழ்ச்சியை எளிதில் காண இயலாது.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானது. அங்கிருந்து தப்பி வந்தவர்களுள் இராபர்ட் கிளைவ் என்னும் இளம் எழுத்தரும் ஒருவர். அதன்பின் 1752 வரை இக்கோட்டையே ஆங்கிலேயரின் தென்னகத் தலைமையிடமாயிற்று. 1758இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி புதுச்சேரியிலிருந்து படையெடுத்து வந்தார். சுமை இழுக்க மாடுகளும் ஆள்களும் போதாமையால், புதுச்சேரி மக்களை வலிந்து பிடித்து, பாரங்களைச் சுமக்கவும் வண்டிகளை இழுக்கவும் வைத்தார். ஜூன் 2ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. பின்னர் அதன் அரண்களை அவர் தகர்த்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, இந்தியாவை இழந்த குற்றத்திற்காகப் பாரிசு நகரில் லாலியின் தலை வெட்டப்பட்டது. தலையற்ற வெள்ளைக்காரனைப் பற்றிக் கதை கட்டுவோர்க்கு இவரைவிடப் பொருத்தமான தலைவர் கிடைக்கமாட்டார். ஆனால் எவரும் இவரைப் பற்றிக் கதை கட்டுவதாகத் தெரியவில்லை.

தெற்கே சிதம்பரத்திற்குச் சென்றால் அச்சத்தின் நிறம் மாறுகிறது. அவ்வூருக்குப் பெயர் தந்த தில்லை மரம் இன்று பிச்சாவரத்துச் சதுப்பில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அத்தகைய மரங்கள் அடர்ந்த காட்டின் விளிம்பில் காளி உறைகிறாள் என்று முன்னோர் கருதியதில் வியப்பில்லை. சதுப்பில் இரவு நேரம் தோன்றி மறையும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்றனர். அழுகிய தழைகளிலிருந்து எழும் வளிகள் எரிவதால் அது தோன்றக்கூடும் என்பது அறிவியலார் கருத்து. புளியமரத்தில் பேய் குடியிருக்கும் என்ற நம்பிக்கைக்கும் அறிவியல் விளக்கம் ஒன்று சொல்லப்படுவதுண்டு. மரம் இரவில் விடும் கரியமில வாயுவே காரணம் என்பர். ஆனால் ஒரு மரம் வெளியிடும் அளவு மிகச் சிறிது. அருகில் படுத்துறங்கும் மனிதர் ஒருவர் விடும் மூச்சைவிட அது அஞ்சத்தக்கதன்று. பொருந்தாத அறிவியலைக் காட்டிலும் பேயே மேல்.

புளியமரத்தோடு தில்லைக்கு வேறோர் உறவும் உண்டு. பீசப்பூர்ப் படையெடுப்பின் அச்சத்தால் 1648இல் நடராசர் திருமேனி சிதம்பரத்தைவிட்டு அகற்றப்பட்டது. குடுமியான்மலையிலும் மதுரையிலுமாக இருந்து, 1686இல்தான் அது மீண்டது. இடைப்பட்ட காலம் 37 ஆண்டுகள், 10 மாதங்கள், 20 நாள்கள் எனச் செப்பேடுகள் நாள் எண்ணிச் சொல்கின்றன. மக்களோ வேறொரு கதை சொல்கின்றனர்: இறைவன் ஒரு புளியமரப் பொந்தில் மறைந்திருந்தான், மறைத்தவர் காலம் முடிந்தபின், தேடி வந்தோர் இடம் தெரியாது அலைந்தனர் என்று. பேய் வாழும் மரத்திலேயே கடவுளையும் குடிவைத்துப் பார்த்தது நாட்டார் மனம்.

அக்கோயிலும் போருக்குத் தப்பவில்லை. உயர்ந்த மதில்கள் இருந்தமையால் படைகள் அதனைக் கோட்டையாகவே கொண்டன. 1781 ஜூன் 18 அன்று, ஐதர் அலியின் வீரர் காவலிலிருந்த கோயிலை அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப்படை தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. இரு வாரங்களில் பரங்கிப்பேட்டையில் பெரும்போர் மூண்டது.

இவையனைத்தினும் கொடியது 1783இல் கடலூரில் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி புசி நகருக்குள் இருந்தார். ஆங்கிலத் தளபதி சுடூவர்ட் தெற்கே வண்டிப்பாளையம் குன்றுகளுக்கும் கடலுக்கும் இடையே பாசறை அமைத்தார். ஜூன் 13 அன்று நிகழ்ந்த போரில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். 20ஆம் நாள் கடலில் இருநாட்டுக் கப்பல்களும் மோதின. 25ஆம் நாள் பிரெஞ்சுப்படை கோட்டைக்கு வெளியே பாய்ந்து வந்தபோது, வங்கத்துச் சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு எதிர்நின்றனர். மாத இறுதியில் வெள்ளைக்கொடி பறக்கவிட்டு ஒரு கப்பல் வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சேயில் சமாதான முன்னுடன்படிக்கையில் கையொப்பமிட்டுவிட்டன என்பது அது கொணர்ந்த செய்தி. கையொப்பமான நாள் சனவரி 20. அதாவது, கடலூரில் செத்தவர் அனைவரும் ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துபோன ஒரு போரில் செத்தவர்.

அந்த வங்கச் சிப்பாய்கள் கப்பலில் வந்தவரல்லர். ஒரிசாக் கடற்கரை வழியே பல நூறு கல் நடந்தே தமிழ்நாட்டிற்கு வந்தவர். கடலூர் மண்ணில் விழுந்தபோது, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரும் ஊருக்குள் இருந்திருக்கமாட்டார். அவர்களுடைய பெயர்களும் ஊருக்குத் தெரியா. இதே முற்றுகையில் பெர்னதோத் என்ற பிரெஞ்சுப் படைவீரர் சிறைப்பட்டார் என்றும், பிற்காலத்தில் சுவீடன் நாட்டு மன்னரானவர் அவரே என்றும் ஒரு கதை நெடுநாள் அச்சேறி வந்தது. அவர் இந்தியாவுக்கே வரவில்லை என்று வரலாற்றறிஞர் பின்னர் காட்டினர். வராத மன்னருக்குக் கதை கிடைத்தது. வந்து மாண்ட சிப்பாய்க்கு அதுவும் கிடைக்கவில்லை.

தமிழிலக்கணம் இவ்விடத்தை எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியர் காஞ்சித்திணையில், புண்பட்டு வீழ்ந்த வீரனைப் பேய் பேணிக்காப்பதை ஒரு துறையாக அமைத்தார். அருகில் சுற்றத்தார் இல்லாதவனுக்கு இரவெல்லாம் பேயே துணை. மனைவி உடனிருந்தால், பேய் கிட்ட வாராதபடி அவளே காப்பாள், அது தொடாக்காஞ்சி. பரணிப் பாடல்களிலோ பேய்கள் களத்தில் கூழட்டு உண்டு களிக்கின்றன. எவ்வகையாயினும், போர் முடிந்து படைத்தலைவர்கள் சென்றபின் களத்தில் எஞ்சுவது பிணமும் பேயும்தான் என்பதைப் புலவர் அறிந்திருந்தனர். கடலூர்க் களத்தைப் பாட அப்படியொரு புலவர் வாய்க்கவில்லை. நள்ளிரவில் படை நடக்கும் ஓசை கேட்கிறது என்று கதை சொல்பவர், தாம் அறியாமலேயே அப்புலவரின் வேலையைச் செய்கிறார்.

பகைவனேயாயினும் அகாலமாய் இறந்தவனை அப்படியே விட்டுவிட மக்கள் மனம் ஒப்புவதில்லை. 1809இல் திருவிதாங்கூர் எல்லைப்போரில் காயமுற்று இறந்த போல் என்ற ஆங்கிலத் தளபதியைத் திருநெல்வேலிப் பகுதியில் அடக்கம் செய்தனர். மணற்காட்டில் இருந்த அவர் சமாதிக்கு ஊரார் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டதை அறிஞர் கால்டுவெல் பதிவு செய்துள்ளார். வாழ்ந்தபோது அவர் விரும்பியவை எவையென ஊரார் நினைத்தனரோ அவையே படையல். நடுகல்லுக்குக் கள் படைத்த முன்னோரின் வழக்கத்திலிருந்து இது வெகுதொலைவு விலகவில்லை.

கடலூர்த் தெருக்களில் அவ்வாறே சில பெயர்கள் உருமாறி உலவுகின்றன. கம்மியம்பேட்டையில் கம்மிங் என்ற துரையின் பெயர் ஒளிந்திருக்கிறது என்பர். கேப்பர் மலையின்மேல் சிறைச்சாலை நிற்கிறது. கேப்பர் யார் என்று ஊரில் பலர்க்கும் தெரியாது. 1918இல் புதுச்சேரியைவிட்டு வெளியேறிய பாரதியார் மூன்று வாரங்களுக்குமேல் அடைபட்டிருந்ததும் கடலூர்ச் சிறையில்தான்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர், தேவனாம்பட்டினமும் தப்பவில்லை. ஆறாண்டு கழித்துச் சப்பானில் அதேபோன்ற அலை எழுந்தபின், இசினோமாகி நகரின் வாடகைக்கார் ஓட்டுநர் சிலர் விந்தையான செய்தியொன்றைக் கூறினர். வண்டியில் ஏறிய பயணி, அலையில் அழிந்துபோன பகுதியின் பெயரைச் சொல்வார். திரும்பிப் பார்த்தால் இருக்கை வெறுமையாக இருக்கும். அவ்வோட்டுநர்கள் அதனைச் சொன்னபோது அச்சத்தைவிட இரக்கமே மிகுந்திருந்தது. மீண்டும் வந்தாலும் ஏற்றிக்கொள்வோம் என்றவரும் உண்டு.

தேவனாம்பட்டினத்தில் ஆண்டுதோறும் அந்நாளில் பெண்கள் கடற்கரையில் கூடுகின்றனர். பால் ஊற்றி, மலர் தூவி, அலையில் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுகின்றனர்.