சாமி வண்டியின் கொக்கி

மாசி மகத் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும் சாமிகளில் சில டிராக்டர் டிரெய்லரில்தான் வருகின்றன. ஊரே அலங்காரத்தைப் பார்க்கும். என் கண் டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கிக்குத்தான் போகும். கொக்கியின் பின் முழுசாக இறங்கியிருக்கிறதா, அடியில் லாக் மாட்டியிருக்கிறதா? சிலதில் வெறும் வளைத்த கம்பி!

கொக்கிக்கு அடுத்தது பாரம். இரண்டு சக்கர டிரெய்லரில் அது அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கணும். பின்னால் போனால் வண்டி வாலாட்டும். ரொம்ப முன்னால் ஏற்றினாலோ டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

இன்னொன்று பிரேக். டிராக்டரில் இடது, வலது மிதிகள் தனித்தனி; வயலில் ஒடித்துத் திருப்ப வசதி. ரோட்டில் இரண்டையும் தாழ் போட்டு இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் குறுக்கே திரும்பும், பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். டிரைவர் அண்ணே, கிளம்பும்முன் அந்தத் தாழை ஒரு தடவை பார்த்துடுங்க.