23 இல்லாத எண்

1910-இல் வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போன ராமானுஜன், துணை ஆட்சியர் வி. ராமசாமி ஐயரிடம் தன் கணித நோட்டுகளைக் காட்டினார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் ராமசாமி ஐயர். அந்த மூளையைக் குமாஸ்தா வேலையில் அடைக்க மனமில்லாமல், கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ஐந்தாண்டுகளில் லண்டன் கணிதக் கழக இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை வந்தது. அதன் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அது ஏன் விடுபட்டது என்பதே என் தேடல்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை அந்தக் கட்டுரை ஆராய்கிறது. 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. விடுபட்ட எண்ணைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை வருகின்றன. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க, 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள். முந்தைய எண்ணான 240940299600-க்கு 4800, அடுத்த எண்ணான 321253732800-க்கு 5376. ஆக, இதற்கு வரிசையில் முழு உரிமை உண்டு.

அச்சுக்கோப்பவர் ஒரு வரியைத் தவறவிட்டிருப்பார், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அப்படியும் நேர்ந்திருக்கலாம்தான். ஆனால் அச்சுப்பிழை எந்த வரியிலும் விழும். இந்த இடமோ சாதாரண இடமல்ல. இதற்கு முன்னுள்ள இரண்டு எண்களிலும் 23 காரணியாக நுழைந்துவிட்டது. இதற்குப் பின், பட்டியல் முடியும்வரை, 23 இல்லாத எண்ணே இல்லை. இது மட்டும் 23-ஐ விட்டு, அதன் இடத்தில் 3×7 என்ற 21-ஐ வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறது. அடுத்த எண்ணை 23-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் இதுவே கிடைக்கும். புதிய பகா எண் நுழைந்தபின் அது நிலைத்துவிட்டது என்று எண்ணிக் கையால் கணக்கிடுபவரின் கண், சரியாக இங்கேதான் தவறும். ஆகவே கணக்கிடும்போதே நேர்ந்த நழுவல் இது என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் அவர் கோட்பாட்டில் ஓட்டையா? இல்லை. பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு ஏறாது என்று அவர் நிறுவிய விதிக்கு இந்த எண்ணின் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்ற அடுக்குகள் அப்படியே கட்டுப்படுகின்றன. விதி இதை ஏற்கிறது. தவறவிட்டது தேடிய கைதான். இன்னொன்றும் பார்க்கலாம்: அவருடைய பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்தால் 293318625600 வருகிறது.