திண்டுக்கல் தோலும் சின்னாளப்பட்டி நூலும்

திண்டுக்கல் என்றதும் நேயர்களில் பெரும்பாலோருக்குப் பூட்டு ஞாபகம் வரும். நாவில் ருசியுள்ளவர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் எவ்வளவு உயர்ந்த பூட்டாயிருந்தாலும் அது பெட்டியைத்தான் காக்கும். ஜவுளிக் கடை வாசலில் தானாகவே வாய் திறந்துகொள்ளும் பணப் பையைக் காக்கும் பூட்டு இன்னும் திண்டுக்கல்லில் தயாராகவில்லை. ஆகையால் சென்ற அக்டோபரில் நாம் அவ்வூருக்குப் போனது பூட்டைப் பார்ப்பதற்கு அன்று. நம் மேல் போட்டுக்கொள்ளும் துணியும் காலில் மாட்டிக்கொள்ளும் செருப்பும் எப்படி உண்டாகின்றன, அவற்றின் மெய்யான விலை என்ன என்று பார்ப்பதற்கே போனோம்.

ஊரை ஒரே பார்வையில் அறிய விரும்புகிறவர்கள் மலைக்கோட்டைக்கு ஏறவேண்டும். திண்டைப் போட்டு வைத்தாற்போல் நடுச் சமவெளியில் கிடக்கும் ஒற்றைக் கல் அது. நாயக்கர் காலத்துக் கோட்டை. 1755-இல் ஹைதர் அலி மைசூர் ராஜ்யத்தின் பௌஜ்தாராக வந்து அதிகாரம் செலுத்திய இடம். சரித்திரம் கிடக்கட்டும். வெயில் ஏறிய பிறகு அந்தப் பாறையில் வெறுங்காலுடன் பத்து அடி நடந்து பார்த்தவர் எவரும் செருப்பை ஆடம்பரப் பொருள் என்று சொல்லமாட்டார்.

மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத் தொடர். இடையே காய்ந்த செம்மண் பூமி. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பு ஆலைகள். கீழே ஊருக்குள் நாகல் நகரில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெசவையும் சாயத்தையும் அறிந்தவர்கள். பேகம்பூர்ப் பக்கம் தோல் வியாபாரம். தெற்கே மதுரைச் சாலையில் 11 கிலோமீட்டர் போனால் சின்னாளப்பட்டி. அதை அடுத்துக் காந்திகிராமம். ஒரு குடும்பத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை உடுத்தி அனுப்பத் தேவையான சரக்கெல்லாம் இந்த ஒரு வட்டாரத்திலேயே உண்டாகிறது. இப்படிப்பட்ட இடம் நம் நாட்டில் அதிகம் இல்லை.

முதலில் காலைக் கவனிப்போம்.

பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் பதனிடும் இடத்துக்கு வந்து சேருகிறது. அங்கே அதை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிரைப் போக்கி, சதையைச் சுரண்டுகிறார்கள். அதன் பிறகுதான் பதனிடுதல். பழைய காலத்தில் ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக் கணக்கில் ஊற வைப்பார்கள். சாலை ஓரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். பின்னர் வாட்டில் மரத்துப் பட்டை வந்தது. அதன் பிறகு குரோமிய உப்பு வந்தது. வாரக் கணக்கு வேலை ஓரிரு நாளில் முடியலாயிற்று. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் செலவாகிறது. மழை குறைந்த பூமியில், அந்தத் தண்ணீர் உப்பையும் ரசாயனத்தையும் சுமந்துகொண்டு எங்கே போகும்? குடகனாற்றுப் படுகையின் கிணறுகளுக்குத்தான் போயிற்று. இனித்த கிணறுகள் உவர்ந்தன.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஆனால் அதில் திண்டுக்கல் ஜில்லாவின் பெயரும் இருந்தது. ஐந்து ஜில்லாக்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம்; கழிவு நீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாதவை மூடப்படவேண்டும் என்று உத்தரவு. பிறகு இங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. அந்தக் குழிகளில் இறங்கி வேலை செய்தவர்களின் வாழ்க்கையை அறிய விரும்பும் நேயர்கள் டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ என்ற நாவலைப் படிக்கவேண்டும். திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர் அவர். 2012-இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது.

இத்தனையும் எதற்குச் சொல்ல வந்தோம் என்றால், கடையில் செருப்பின் அடியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டில் கிணற்றின் விலை எழுதப்படவில்லை என்பதற்காகத்தான். அதற்காகத் தோல் செருப்பே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பிளாஸ்டிக் செருப்பு எந்தக் கிணற்றுக்கும் நல்லது செய்வதாகத் தெரியவில்லை. வாங்கியதை வருஷக் கணக்கில் உழைக்க வைப்பதுதான் நம் கையில் உள்ள காரியம்.

பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் அரச மர நிழலில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். நம் செருப்பின் வார் மலைக்கோட்டைப் படியில் தளர்ந்திருந்தது. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“தோல்தானுங்களா சார்? அப்போ தைக்கலாம். இப்போ வர்றதெல்லாம் ஒட்டின செருப்பு. பிஞ்சா ஊசி ஏறாது. குப்பையிலதான் போடணும்” என்றார்.

“வேலை குறைந்துவிட்டதா, ஐயா?”

“செருப்பு ஜாஸ்தியாச்சு சார், வேலைதான் குறைஞ்சுபோச்சு.”

எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமாட்டார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 ரூபாய்ச் செருப்பு ஆறு மாதம் வந்தால் மூன்று வருஷத்துக்கு ஆறு ஜோடி, 1,800 ரூபாய். 1,000 ரூபாய்த் தோல் செருப்பை வருஷத்துக்கு ஒரு தடவை 100 ரூபாய் கொடுத்துத் தைத்தால் மூன்று வருஷத்துக்கு 1,300 ரூபாய். மிச்சம் 500, பெரியவருக்கும் 300 ரூபாய் வருமானம்.

செருப்பு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்குத் தேச சரித்திரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. காந்திஜி தென்னாப்பிரிக்கச் சிறையில் தம் கையால் ஒரு ஜோடி செருப்புச் செய்தார். 1914-இல் அந்நாட்டை விட்டுப் புறப்படும்போது, தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே அதைப் பரிசாக அனுப்பினார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக் காலங்களில் அணிந்து, 1939-இல் காந்திஜியின் எழுபதாம் பிறந்த நாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் திருப்பித் தரக்கூடிய நிலையில் இருந்த செருப்பு!

ஆனால் மேற்படி கணக்கு ஓரிடத்தில் உதவாது. குழந்தையின் கால் வளர்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு மூன்று வருஷம் உழைக்கும் பூட்ஸ் வாங்குவது, வருகிற தீபாவளிக்கு இந்த வருஷமே பட்சணம் செய்து வைப்பது போலத்தான். சர்க்கார் பள்ளிகளில் சீருடையும் காலணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. தனியார் பள்ளிகள் பலவற்றிலோ கறுப்பு பூட்ஸ் ஒன்று, வெள்ளைக் கான்வாஸ் ஒன்று என்று இரண்டு ஜோடி கேட்கிறார்கள். வெள்ளை ஜோடி வாரத்தில் ஒரு நாள் வெளியே வரும், தேயாமலே சிறிதாகிவிடும். பெரிய பிள்ளையுடையது சின்னப் பிள்ளைக்கு, அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு என்று கைமாறிய பழைய வழக்கத்தை நாம் கௌரவக் குறைவென்று எண்ணி விட்டுவிட்டோம். அதை மீண்டும் கொண்டுவந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சின்னாளப்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் நம்முடன் வந்த வீட்டு அம்மாளுக்கு உற்சாகம் கூடியது. நமக்கு இயல்பாகவே குறைந்தது. ஆனால் அந்த ஊரைக் கண்டு பயப்படவேண்டிய அவசியம் இல்லை. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வசதியில்லாத குடும்பங்கள் ஒரு காலத்தில் நம்பியிருந்தது செயற்கை இழையில் நெய்த சின்னாளப்பட்டுச் சேலையைத்தான். பருத்தியில் சுங்குடி. துணியில் சிறு சிறு முடிச்சுக்களாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்து, முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளியாகும். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அச்சில் புள்ளி போட்ட சேலைகளும் ஏராளமாக வருகின்றன. கையால் முடிச்சிட்டதில் புள்ளிகள் ஒன்றைப் போல் ஒன்று இரா. தொட்டால் துணியில் மெல்லிய மேடு தட்டும். வித்தியாசத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடையிலிருந்த ஒரு வயதான அம்மாள்.

“முதல் தண்ணியில ஒரு கை உப்புப் போட்டு ஊற வையி தாயி. நெழல்ல காயப் போடு. உன் மகளும் கட்டுவா” என்றார் அவர்.

சேலையின் ஆயுளை நம் பாட்டிமார் நன்கறிந்திருந்தார்கள். விசேஷத்துக்குக் கட்டியது பிறகு வீட்டுக்கு, நைந்த பின் பெண்ணுக்குப் பாவாடை, அப்புறம் தூளி, அப்புறம் அடுப்படியில் கரித்துணி, மிச்சம் விளக்குத் திரி. எரிந்து முடிகிற வரையில் அதற்கு ஓய்வு கிடையாது. ஆகவே துணியின் விலையை வாங்குகிற தினத்தில் கணக்கிடக்கூடாது, கட்டுகிற தினங்களால் வகுத்துப் பார்க்கவேண்டும். 6,000 ரூபாய்ப் பட்டைக் கட்டுவது மூன்று கல்யாணங்களுக்கு என்றால் தடவைக்கு 2,000 ரூபாய். 900 ரூபாய்ச் சுங்குடியை நூறு தடவை கட்டினால் தடவைக்கு 9 ரூபாய். இந்த வகுத்தலைக் கடைக்குள் நின்று செய்வது கஷ்டம். விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். வீட்டிலிருந்தே செய்துகொண்டு போகவேண்டும்.

மொத்தம் எவ்வளவு செலவிடலாம்? மத்திய சர்க்கார் 2023-24-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கின்படி, நகரவாசி ஒருவருக்குச் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். கிராமவாசிக்கு 4,122 ரூபாய். அதில் துணிக்கும் காலணிக்கும் போவது ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு. நாலு பேர் கொண்ட நகரக் குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 20,000 ரூபாய் என்று ஆகிறது. குறைவான தொகையன்று. அது பன்னிரண்டு மாதத்தில் செலவாகாமல், தீபாவளிக்கு முந்திய பத்து நாளில் செலவாவதுதான் தொல்லை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனத்தில் மாதா மாதம் ஒரு தொகை கட்டிவந்து பிறகு துணியாக எடுத்துக்கொள்ளும் திட்டம் உண்டு. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது உகந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கும் காலணிக்கும் ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 5. அதற்கு மேற்பட்ட ஆடைக்கும் காலணிக்கும் 18. சர்க்காரே 2,500-இல் ஒரு கோடு கிழித்துக் கொடுத்திருக்கும்போது அதைத் தாண்டுவானேன்?

செப்டம்பர் 22 என்ற தேதிக்கு இந்தப் பக்கத்தில் வேறொரு பெருமை உண்டு. 1921-இல் அதே தேதியில்தான், திண்டுக்கல்லுக்கு 60 கிலோமீட்டருக்கு அப்பால் மதுரையில், காந்திஜி மேல் சட்டையையும் தொப்பியையும் துறந்து நாலு முழத் துணிக்கு மாறினார். அதற்குக் காரணமாயிருந்ததும் ஒரு குடும்ப பட்ஜெட்தான். மதுரைக்கு வரும் ரயிலில் அவர் கதர் உடுத்தும்படி ஜனங்களிடம் சொன்னபோது, கதர் விலை அதிகம், எங்களால் வாங்க முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அதை மறுக்க வழியில்லாமல், தம்முடைய துணியின் அளவை அவர் குறைத்துக்கொண்டார்.

காந்திகிராமத்தில் நிற்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. 1947-இல் அதை ஸ்தாபித்த டாக்டர் சௌந்தரம் அம்மையார், டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. வேண்டிய பட்டையெல்லாம் வாங்கக்கூடிய குடும்பம். இளமையில் கணவரை இழந்து, வைத்தியம் படித்து, 1940-இல் சேவாகிராமத்தில் காந்திஜியின் முன்னிலையில் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். மணமகன் உடுத்திய வேட்டி காந்திஜி நூற்ற நூலில் ஆனது. மணமகளின் சேலை கஸ்தூர்பா நூற்றது. இன்று ஒரே ஒரு மாலை வரவேற்புக்கென்று தைத்து, மறுநாள் பெட்டிக்குள் போகும் உடுப்புகளின் விலையை நேயர்கள் அறிவார்கள்.

கதர் இன்றும் ஆலைத் துணியைவிட விலை கூடியதுதான். ஏழைகளை அதை வாங்கச் சொல்ல நமக்கு நாக்கு எழாது. ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு அந்தச் சாக்குச் செல்லாது. அவருக்கு வேண்டியது நாலு சட்டை. பீரோவில் இருப்பது பதினாலு. பத்தைக் குறைத்தால் நாலு கதராக இருக்கலாம். நூற்றவளுக்கும் நெய்தவனுக்கும் கூலி சேரும்.

கதர்க் கடையில் காந்தி ஜயந்தித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. இரண்டு வேட்டியும் இரண்டு சட்டைக்குத் துணியும் எடுத்தோம், 2,400 ரூபாய். வாசல் திண்ணையில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் சீருடை, பூட்ஸ் வகையில் 8,000. சுங்குடி இரண்டு, 1,800. செருப்புத் தையல் 100. கதர் 2,400. ஆக 12,300, வருஷக் கணக்கில் மீதி 7,700 ரூபாய். தை மாதத்தில் மைத்துனர் வீட்டில் கல்யாணம். அதற்குப் புதுப் பட்டு எடுப்பதில்லை, இருக்கிற பட்டையே கட்டுவது என்று வீட்டு அம்மாள் தாமாகவே சொல்லிவிட்டார். அதை மைத்துனரிடம் யார் தெரிவிப்பது என்பதுதான் பஸ் திண்டுக்கல் வந்து சேரும் வரையில் தீர்மானமாகவில்லை.