வலக்கையில் திருநீறு

பிரதோஷ நாள்களில் பல்லடத்திலிருந்து திருமுருகன்பூண்டிக்குச் செல்வது அந்தக் குடும்பத்தின் நெடுநாள் வழக்கம். திருப்பூரில் பேருந்து மாறி, அவிநாசி சாலையில் சிறிது தூரம் சென்றால் திருக்கோயில். 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குப் பின்பும் அவர்கள் சென்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தீபாராதனை முடிந்து குருக்கள் திருநீறு வழங்க வரும்போது, தந்தை மட்டும் தூணின் பின்னே ஒதுங்கிவிடுவார். மகள் தன் கையில் வாங்கிவந்து அவருடைய நெற்றியில் இடுவாள். அவரது வலக்கை எப்போதும் துண்டுக்குள்ளேயே இருந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் அவர் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். கழிவுப் பஞ்சிலிருந்து நூல் இழுக்கும் ஆலை. கார்டிங் இயந்திரத்தின் உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் அந்தக் கனத்த உருளை சுழற்சி ஓய்வதற்கே பல நிமிடங்கள் ஆகும், உற்பத்தி குறையும், மேஸ்திரியின் முகம் கோணும். ஆகவே ஓடும்போதே மூடியைத் திறந்து பஞ்சை இழுப்பது எல்லோரும் செய்துவந்ததுதான். அன்றிரவு ஷிப்டில் அவ்வாறு செய்தபோது நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் போயின.

மாதச் சம்பளம் 10,400 ரூபாய். நாளொன்றுக்கு 400 வீதம் 26 நாள் கணக்கு. அதில் 1.75 விழுக்காடாகிய 182 ரூபாய் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடிக்கப்பட்டது. ஆலையின் பங்காக 494 ரூபாய் சேர்ந்தது. வேலையில் நேர்ந்த விபத்து என்று ஏற்கப்பட்டால் ஓய்வுக் காலத்தில் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். ஊனம் நிலையானால் ஆயுள் முழுதும் மாதத்தொகை உண்டு. அவருக்குக் கிடைத்ததோ சாதாரண நோயாளிக்குரிய 70 விழுக்காடு, அதுவும் 91 நாள்களுக்கு. தை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. விதியை மீறித் தாமே விளைவித்துக்கொண்ட காயம். ஆகையால் பணிக்காயம் ஆகாது என்று அதில் கண்டிருந்தது.

தந்தை அதைப் படித்துவிட்டு மடித்துச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். "கை வெச்சது நானு. அதுக்குப் போயி காசு கேக்கறதா, அம்மிணி? என்ர கர்மம்" என்றார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மகளுக்கு அந்தப் பதில் ஏற்கவில்லை. ஆயினும் தந்தையின் கையெழுத்தின்றி எந்த மனுவும் நகராது. ஒரு மாதம் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

மாசி மாதப் பிரதோஷத்தன்று பூண்டிக் கோயிலில் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றை ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். சேரமான் பெருமாள் தந்த பொருளோடு வந்த சுந்தரரை வேடர் உருவில் வந்த சிவகணங்கள் அவ்வூர் வழியில் கொள்ளையிட்டதும், அவர் நேரே கோயிலுக்குள் சென்று இறைவனிடமே முறையிட்டு அத்தனையையும் மீட்டதும் அந்தத் தலத்தின் பெருமை. அதனோடு அவர் நிறுத்தவில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் செய்த சத்தியத்தை மீறியதால் சுந்தரர் இரு கண்ணும் இழந்ததையும், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்ததையும், அதோடு அமையாமல் காஞ்சியில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் பெற்றதையும் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் தந்தை வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீரபாண்டி தாண்டியதும், "சத்தியத்த மீறுனவரு அவருதான?" என்றார். "ஆமாங்கப்பா." "அப்பறமுங் கேட்டாரா?" "கோயில் கோயிலாப் போயிக் கேட்டாருங்கப்பா." வீட்டுக்கு வந்து படத்தின் பின்னாலிருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

மகள் முதலில் செய்தது வாதிடுவதல்ல, ஆவணம் கேட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு, ஆலை அனுப்பிய விபத்து அறிக்கையின் நகலைக் கோரினாள். வந்த நகலில்தான் விஷயம் இருந்தது. காயமுற்றவர் விதிக்கு மாறாக நடந்தாரா என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் அச்செயல் முதலாளியின் தொழிலுக்காகவே செய்யப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

அந்தக் கேள்வி படிவத்தில் சும்மா இருப்பதல்ல. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51-பி பிரிவு அதற்கு வேராக இருந்தது. தொழிலாளி விதியையோ உத்தரவையோ மீறியிருந்தாலும், அவர் செய்தது முதலாளியின் தொழிலுக்காக, அதன் தொடர்பில் என்றால், விபத்து பணியில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். தவறே செய்யாதவனுக்கு மட்டும் என்று சட்டம் எழுதியவர்கள் வைக்கவில்லை. அவர்கள் ஆலையைப் பார்த்தவர்கள் போலும்.

வெற்றிடத்தை நிரப்ப ஒரு சாட்சி வேண்டியிருந்தது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் இன்னும் அதே ஆலையில் வேலையில் இருந்தார். மூன்று முறை மகள் அவர் வீட்டுக்குச் சென்றாள். இருமுறை அவர் மனைவியே வாசலில் நின்று, "எங்க பொழப்பக் கெடுக்காதம்மிணி" என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை அவரே வந்து, சுற்றிய பஞ்சை எடுக்கவே கை உள்ளே சென்றது என்ற ஒரே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திட்டார். வேறெதுவும் எழுத மாட்டேன் என்றார். அவ்வொரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மறுபரிசீலனை மனு இரண்டே பக்கம். மறுத்திருந்தால் காப்பீட்டு நீதிமன்றம் செல்லலாம். அதற்கு மூன்றாண்டுக் கெடு உண்டு. அதற்குத் தேவை எழவில்லை. நான்கு மாதம் கழித்துப் பணிக்காயம் என ஏற்ற கடிதமும், மருத்துவ வாரியத்தின் முன் வருமாறு அழைப்பும் வந்தன.

வாரியத்தில் மருத்துவர் கையை நீட்டச் சொன்னார். தந்தை துண்டை விலக்க ஒரு கணம் தயங்கினார். பிறகு மேசைமேல் வைத்தார். ஒரு கையின் மூன்று விரல் இழப்புக்குச் சட்ட அட்டவணையில் 30 விழுக்காடு. 400 ரூபாயில் 90 விழுக்காடு 360; அதில் 30 விழுக்காடு 108. நாளொன்றுக்கு 108 ரூபாய், ஆயுள் உள்ளவரை. நிலுவையும் சேர்ந்து வந்தது. அதிலிருந்து அவர் முதலில் வாங்கியது சாட்சி எழுதியவரின் வீட்டுக்கு ஒரு சீப்பு பழமும் ஒரு சேலையும்.

அடுத்த பிரதோஷத்தன்று பூண்டியில் குருக்கள் வந்தபோது அவர் தூணின் பின்னே செல்லவில்லை. வலக்கையை நீட்டினார். விரல் இல்லாத பக்கமாகத் திருநீறு சிறிது சிந்தியது. குருக்கள் அதைப் பார்த்து, உள்ளங்கையின் நடுவில் இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.