ஆமெனுக்கு முன்னால்

எனக்குச் சால்வை போர்த்திய அன்று சபைச் செயலாளர் மைக்கில் சொன்னார்: "நம்ம அம்மா இருபது வருஷமா கஷ்டத்துல வர்றவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆறுதல்படுத்திக்கிட்டு இருந்தாங்க." எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் நல்ல மனிதர், பாராட்டத்தான் பேசினார். ஆனால் அந்த நாலு நல்ல வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தானே நான் இருபது வருஷம் பாடுபட்டேன்? செவ்வாய் கடலூரில், வெள்ளி சிதம்பரத்தில், எத்தனை பேர் எதிரே உட்கார்ந்து தொண்டைவரை வந்த வசனத்தை விழுங்கியிருக்கிறேன். அதை ஒருவரும் வேலையாக எண்ணவில்லை.

அறைக் கதவில் 'ஆலோசனை ஊழியம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு எனக்கு ஆரம்பத்திலிருந்தே சண்டை. ஆலோசனை என்று போட்டால் வருகிறவர் ஆலோசனையை எதிர்பார்ப்பார், உட்கார்ந்திருப்பவருக்கும் வாய் துறுதுறுக்கும். கத்தோலிக்கர்கள் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் 'உளவளத்துணை' என்கிறார்கள். துணை என்ற சொல் போதும் என்று கமிட்டியில் இரண்டு தடவை கேட்டுப்பார்த்தேன். போர்டு மாறவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோரம் முழுக்கச் சுனாமியில் கடல் ஏறியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் ஆசிரியை வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன். முகாம்களில் சோறு போடப் போனவள், சில வாரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் வகுத்த முறையில் நடந்த பயிற்சியில் உட்கார்ந்தேன். ஏழு பாடம். மனத்தில் கிடப்பதைக் கொட்ட விடுவது முதலாவது. பிறகு அவர் நிலையில் நின்று உணர்வது, காது கொடுத்துக் கேட்பது, சுற்றத்தைத் துணைக்குக் கூட்டுவது, கைக்கு வேறு வேலை கொடுப்பது, ஓய்வும் விளையாட்டும். கடைசியில்தான் ஆன்மிகம். சபையிலிருந்து போன எங்களுக்கு இந்த வரிசை உறுத்தியது. கர்த்தரைக் கடைசியில் வைப்பதா என்று ஒருவர் எழுந்தே கேட்டுவிட்டார். கேட்கத் துணிவில்லாமல் நானும் அதையேதான் நினைத்தேன்.

அதற்குப் பதில் எனக்குப் பயிற்சியில் கிடைக்கவில்லை. எங்கள் சபையில் பைபிள் உமனாக இருந்த கிழவியிடம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்போதே எழுபதைத் தாண்டியிருந்தார். முகாமுக்குள் போனதும் யாராவது ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்காருவார். எதிரில் உட்காரமாட்டார். முறத்தை வாங்கி நிவாரண அரிசியில் கல் பொறுக்க ஆரம்பிப்பார். எங்களுக்கோ முகம் பார்த்து, கண் பார்த்து உட்காரச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளையைக் கடலில் விட்டவளால் எதிரே இருப்பவளின் கண்ணைப் பார்த்துப் பேச முடியுமா? இரண்டு பேரும் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு தானாக வரும். சில நாள் வராது. கல் பொறுக்கி முடித்துவிட்டு, "நாளைக்கு வரேன் தாயி" என்று எழுந்துவிடுவார்.

ஒருநாள் நான் தனியாக ஒரு பெண்ணிடம் போனேன். இரண்டு குழந்தைகளில் ஒன்றைத்தான் அவளால் பிடிக்க முடிந்தது. எந்தக் கை, எந்தப் பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்து, "ஜெபம் பண்ணுவோம்மா" என்றேன். மனமுருகித்தான் பண்ணினேன். கிறிஸ்தவளாக இல்லாவிட்டாலும் அவளும் கூடச் சேர்ந்து "ஆமென்" என்றாள். கண்ணைத் துடைத்தாள், பாயைச் சுருட்டினாள், குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் திருப்தியாக வந்து கிழவியிடம் சொன்னேன். கெடிலம் பாலம்வரை பேசாமல் நடந்தவர் அங்கே நின்று, "அவ வாயத் தொறந்தா. நீ சாத்திட்டு வந்துட்டியேடி" என்றார். "தாங்க முடியாம நீ உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்ட."

இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் அந்தப் பாலத்தில் கற்றதுதான். ஆமென் சொன்ன பிறகு நம் ஊரில் யாரும் பேசமாட்டார்கள். அது முடிவுக்கான சொல். அதனால் அவர்களாகக் கேட்கும்வரை நான் ஜெபம் செய்வதில்லை. கேட்டாலும், "எதற்காக ஜெபிக்கணும், நீங்களே சொல்லுங்க" என்பேன். சொல்லும்போதுதான் பல பேருக்கு உண்மையான விஷயம் வெளியே வரும். அவர்கள் சொன்ன சொற்களை வைத்து மட்டுமே ஜெபிப்பேன். அடி வாங்கி வந்தவளுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்குப் பொறுமையைத் தாரும்" என்று ஜெபிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கடவுளிடம் பேசுவதே இல்லை. 'நீ பொறுத்துப் போ' என்று அவளிடம் சொல்வது. எதிர்த்துப் பேசவும் வழியில்லை, கண் மூடியிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த மரங்களைப் பறிகொடுத்த ஆண்கள் அறைக்குள் வந்து உட்காரமாட்டார்கள். தோப்புக்கே போய், அறுத்துப் போட்ட கட்டைமேல் உட்கார்ந்துதான் கேட்டேன். அங்கேயும் பக்கத்தில்தான், எதிரில் இல்லை.

ஏன் இரண்டு ஊர் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கடலூர்க்காரர் கடலூர் அறைக்கு வந்தால் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர்வரை செய்தி போய்விடும். அவர் சிதம்பரத்துக்கு வருவார். "ராஜா முத்தையாவுல பல்லு காட்டிட்டு வரேன்" என்று வீட்டில் சொன்னால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். சிதம்பரத்துக்காரர் துணி எடுக்கும் சாக்கில் கடலூருக்கு வருவார். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர், ஒரு மணி நேரம் கழித்து என் அறைக்குள் புதிதாகப் பார்ப்பதுபோல் வணக்கம் சொல்வார். நானும் அப்படியே சொல்வேன்.

இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்ததை இப்போது என்ன செய்கிறார்கள்? வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பு என்று போடுகிறார்கள். "ஒரு சகோதரி, கணவர் குடி, இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பிளஸ் டூ." பெயர் போடவில்லையாம். நம் சபையில் அந்த அடையாளத்துக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? ஆன்லைனில் சில வாரம் படித்து, சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிய பிள்ளைகள்தான் இப்போது அறையில் இருக்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. செல்போனைக் கவிழ்த்து வைக்கக்கூட ஒருவரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான். "பாசிட்டிவா யோசிங்க அக்கா" என்று பத்தாவது நிமிஷத்தில் ஆரம்பிக்கிறார்கள், இருபதாவது நிமிஷத்தில் ஆமென்.

இதைவிட என்னைக் கலங்க வைப்பது ஒன்று உண்டு. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மாத்திரையை நிறுத்தியவர்களை மறுபடி சைக்கியாட்ரி ஓபியில் கொண்டுபோய் உட்கார வைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது. 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் கருகியதற்குத் தர்காப் பக்கம் கை நீட்டியவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லும் மேடை நம்முடையதாக இருக்கும்போது வாய் திறப்பதில்லை. குழந்தை விஷயமாக ஒன்று காதில் விழுந்தால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 2012 சட்டம் அது. ரகசியம் காப்பேன் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான் முதல் நாளே, "குழந்தைக்கு ஆபத்துன்னா, உங்க உயிருக்கு ஆபத்துன்னா, நான் சும்மா இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

போன மாதம் கமிட்டியிலிருந்து ஆள் வந்தார். என் நோட்டுகளை ஒப்படைக்க வேண்டுமாம், ஊழியத்தின் வரலாறு எழுதப் போகிறார்களாம். மொத்தம் 31 நோட்டு. பெயர் இருக்காது, பூப்பெயர்தான் இருக்கும். ஆனால் கிழமையும் ஊரும் இருக்கின்றன, படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும். இன்னும் வந்துகொண்டிருக்கும் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் எரித்துவிடச் சொன்னார்கள். ஒருத்தி தன் பக்கங்களைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். கிழித்துக் கொடுத்துவிட்டேன். மற்றதை வருகிற சனிக்கிழமை கொல்லையில் எரிக்கப் போகிறேன் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.