இரண்டு பேர் வண்டி

மனிதனுக்கு ஆசை எந்த வயதில் விடும் என்று பெரியவர்கள் யாரும் திட்டமாகச் சொல்லி வைக்கவில்லை. அறுபது வயதானால் பல் விழும், தலைமயிர் உதிரும், பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் போவார்கள். இவையெல்லாம் எனக்கு ஒழுங்காகவே நடந்தேறின. ஆசை மட்டும் போகவில்லை. உபாத்தியாயர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், கூரையைப் பின்னால் மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகக்கூடிய, இரண்டே பேர் உட்காரும் மோட்டார் வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று வீட்டில் மெள்ளப் பிரஸ்தாபித்தேன்.

என் மனைவி அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "இரண்டு பேர்தானா?" என்று கேட்டாள்.

"இரண்டு பேர்தான்."

"மகள் வந்தால் என்ன செய்வது? பேரனை எங்கே வைப்பது? கூரைமேல் வைக்கலாமென்றால் கூரையும் இல்லை என்கிறீர்களே!"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது இல்லற வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று.

இந்த ஆசைக்கு வயது ஐம்பது. சிறு பையனாக இருந்தபோது தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் அப்படி ஒரு வண்டி போனதைப் பார்த்தேன். ஓட்டியவரின் முகம் ஞாபகமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் புடைவைத் தலைப்பு காற்றில் பறந்தது மாத்திரம் ஞாபகமிருக்கிறது. பாய் விரித்த தோணி ஒன்று தரையேறி ஓடுவதுபோல் இருந்தது. எங்கள் ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது. பாய் விரித்து ஓடுவது எங்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அது சம்பாத்தியத்துக்காக ஓடுவது. சந்தோஷத்துக்காகவும் ஒருவர் அப்படி ஓடலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த ஜாதி வண்டிகளுக்குச் சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் எம்.ஜி. கம்பெனியார் 1929-ல் 'மிட்ஜெட்' என்ற சிறிய வண்டியைக் கொண்டு வந்தார்கள். இரண்டாவது மகா யுத்தம் முடிந்த 1945-ல் 'டி.ஸி.' என்ற வண்டி வந்தது. அதன் உடலுக்குள்ளே இருந்த சட்டம் மரத்தால் ஆனது. அமெரிக்கர்களுக்கும் அதன்மேல் மோகம் பிடித்தது. பின்னால் இந்த வகை வண்டிகள் அருகிப்போய், இனி இல்லை என்று பலர் கைவிட்ட சமயத்தில், 1989-ல் ஜப்பானிய மாஸ்தா கம்பெனியார் 'எம்.எக்ஸ்-5' என்று ஒன்றைச் செய்தார்கள். 2016-க்குள் அதில் பத்து லட்சம் வண்டிகள் தயாராகிவிட்டன. ஆகவே, இரண்டு பேருக்கு மேல் இடமில்லாத வண்டியை ஆசைப்பட்டு வாங்கும் அசடுகள் உலகத்தில் பத்து லட்சத்துக்கு மேல் உண்டு. நான் தனி ஆள் அல்ல.

நம் தேசத்திலும் இத்தகைய வண்டி ஒன்று தயாரானது. கோவாவில் செய்த 'ஸான் ஸ்டார்ம்' என்ற வண்டி அது. இரண்டு ஆசனம், மடக்கும் கூரை, 1149 கன சென்டிமீட்டர் ரெனோ என்ஜின். விசேஷம் என்னவென்றால், அதன் உடல் தகரமல்ல, பைபர் கண்ணாடி. இப்போது அது உற்பத்தியில் இல்லை. பழைய வண்டிதான் கிடைக்கும்.

தூத்துக்குடியில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு வண்டி பல வருஷமாக நிற்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். பச்சை வர்ணம், அன்று காலையில்தான் மெழுகு பூசித் துடைத்திருந்தார்கள். ஆசனத்தில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்தேன். கைகள் நடுங்கின. சொந்தக்காரர் மூன்றேகால் லட்சம் ரூபாய் கேட்டார். "நாளை பணத்தோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேரம் பேசவேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை.

பணம் பாங்கியில் இருந்தது. ஆனால் அதில் இரண்டு லட்சம் வீட்டின் மேல்தளத்தை இடித்துப் போடுவதற்காக ஒதுக்கியது. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வீட்டில் ஆறு இடங்களில் பாத்திரம் வைக்க வேண்டும். மனைவி தன் கணக்கு நோட்டைக் கொண்டு வந்து என் முன்னால் பிரித்து வைத்தாள்.

"வண்டிக்குக் கூரை இல்லாமல் போகலாம், வீட்டுக்குக் கூரை இல்லாமல் போகக் கூடாது. நாளைக்குத் தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்" என்றாள்.

அவள் தம்பி, அதாவது என் மைத்துனன், முகத்துவாரத்தில் பைபர் படகுகளைப் பழுது பார்ப்பவன். பிசினும் கண்ணாடி நாரும் அவன் கையில் மாவு போலக் குழையும். ஆனால் மோட்டார் வண்டி வாங்க அவன் எதற்கு என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் என் தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அவர் அதில் குளித்தவர். அப்புறம் சங்கு குளித்தார். பழைய ஏற்பாட்டின்படி, எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கத்துப் பங்கை ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் போடுவார்கள். ஏலம் எடுக்கிறவன் மூடிய சிப்பியைத்தான் வாங்க வேண்டும். அதைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, அலசிப் பார்க்கிறவரையில் உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சேறா என்று தெரியாது. ஒரே ஏலத்தில் பணக்காரனானவனும் உண்டு. தெருவில் நின்றவனும் உண்டு. ஆனால் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன்னால் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்புப் போடுகிற வழக்கம் இருந்தது. "மாதிரியைப் பார்க்காமல் ஏலத்துக்குப் போகிறவன் வியாபாரியல்ல, சூதாடி" என்பார் என் தகப்பனார்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்தான் மெழுகு பூசிய பச்சைச் சிப்பி ஒன்றுக்கு மூன்றேகால் லட்சம் சொல்லிவிட்டு வந்தேன்!

மறுநாள் என் மைத்துனன் வண்டியைப் பார்த்து மெச்சவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. படகை எப்படிப் பார்ப்பானோ அப்படியே பார்த்தான். விரல் முட்டியால் கதவைத் தட்டினான், முன்புறம் தட்டினான், சக்கரத்துக்கு மேலே தட்டினான். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று இறுகிய சத்தம் வந்தது. பின்பக்கம் ஓர் இடத்தில் 'பொத் பொத்' என்று கேட்டது.

"இங்கே மேட் விட்டிருக்கு, அத்தான். எப்பவோ இடிச்சிருக்காங்க. மேலே பூசி மறைச்சிருக்கு. இது பெரிசில்லை, நானே அரைநாள்ல பண்ணிடுவேன்" என்றான்.

பிறகு ஒரு கோணிச்சாக்கைத் தரையில் விரித்து, டார்ச் விளக்கும் திருப்புளியுமாக வண்டிக்கு அடியில் புகுந்தான்.

"பைபர் துருப்பிடிக்காது, அதுதான் அதோட ஆபத்து. மேலே பார்த்தா என்றைக்கும் புதுசு. ஆனா அதைத் தாங்கறது இரும்புச் சட்டம். நம்ம ஊர்க் காற்று இரும்பை விட்டு வைக்குமா?" என்று கீழிருந்து குரல் வந்தது. அதைத் தொடர்ந்து, காய்ந்த பழுப்பு இலைகள் உதிர்வதுபோல் துரு உதிர்கிற சத்தம். "அத்தான், குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். இடது பின் சக்கரத்தின் அருகில் திருப்புளி சட்டத்துக்குள்ளேயே போய் நின்றது.

இதில் வண்டியைச் செய்தவர்களின் குற்றம் எதுவுமில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், உப்புக் காற்றில், அடிப்பக்கம் கழுவாமல் வருஷக் கணக்கில் நிறுத்தி வைத்தால் எந்த இரும்புக்கும் இதே கதிதான். மைத்துனன் அதோடு விடவில்லை. கால்மிதியைத் தூக்கினான், அடியில் ஈரம். கான்வாஸ் கூரையின் தையலில் மழை இறங்கியிருக்கிறது. பின்புறத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் புரை விழுந்த கண் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. என்ஜினின் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று கேட்டான். "வண்டி அதிகம் ஓடவேயில்லையே!" என்றார் சொந்தக்காரர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். அது ஓடுகையில் அறுந்தால் என்ஜினையே கெடுத்துவிடக் கூடும்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்றைக்கு வேண்டாம், அத்தான். போகலாம்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வழி நெடுக அவனோடு பேசவில்லை. "இது நம் தேசத்தில் செய்த வண்டி. சுதேசிப் பொருளை ஆதரிக்க வேண்டாமா?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சீறினேன்.

"என்ஜின் பிரெஞ்சுக்காரனுடையது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள்.

"1906-ல் வ.உ.சி. இதே தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தாரே; அந்தக் கப்பல்கள் மட்டும் இங்கேயா கட்டப்பட்டன? முயற்சி யாருடையது என்பதுதான் விஷயம்" என்றேன்.

"சரி. அவர் கப்பலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமலா வாங்கியிருப்பார்?" என்றாள்.

மூன்று வாரம் மைத்துனனுடைய பட்டறைப் பக்கமே நான் போகவில்லை. அப்போது ஒரு நாள் ராத்திரி, தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கையில், தகப்பனார் சொன்ன இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. குளிக்கிறவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிட்டால், அவன் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதுதான் வழக்கம் என்பார்கள். தன் சகோதரி தாலி அறுக்க அவன் சம்மதிக்க மாட்டானல்லவா? அடியில் இருப்பவனுக்குச் சிப்பி கண்ணுக்குத் தெரியும்; மூச்சு முடியப்போவது தெரியாது. மேலே இருப்பவனுக்குத்தான் அந்தக் கணக்கு. ஆசையோடு மூழ்கியவன் நான். கயிற்றை இழுத்தவன் அவன். இழுத்தவன்மீது கோபித்துக்கொள்ளும் குளியாளியை யாராவது கண்டதுண்டா?

விடிந்ததும் அவன் பட்டறைக்குப் போனேன். அவன் ஒன்றும் பேசாமல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். சட்டத்துக்கு வெல்டிங் இவ்வளவு, கூரைத் துணி இவ்வளவு, பெல்ட் இவ்வளவு, டயர் இவ்வளவு என்று மூன்று வாரத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தான். "வாங்க வேண்டாம்னு நான் சொல்லலியே, அத்தான். அன்றைக்கு வேண்டாம்னுதானே சொன்னேன்?" என்றான்.

அந்தக் காகிதத்தோடு இருவரும் போனோம். சொந்தக்காரரும் யோக்கியர்தான், அவரும் தம் வண்டியின் அடியை ஒருநாளும் பார்த்ததில்லை. பத்தாயிரம் ரூபாய் முன்பணம். அவர் செலவில் சட்டத்தை வெட்டிப் புதுத் துண்டு வைத்துச் சரிசெய்ய வேண்டியது. நாங்கள் திரும்ப அடியில் புகுந்து பார்த்த பிறகு மீதிப் பணம் என்று பேசி முடித்தோம். விலை ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு இறங்கியது. வீட்டுக் கூரைப் பணத்தில் ஒரு காசு தொடவில்லை.

காகித விஷயங்களையும் மைத்துனன் விடவில்லை. சேஸிஸில் பொறித்த எண்ணும் பதிவுப் புத்தகத்து எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தான். பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான். அதற்கப்புறம் பரிசோதனை செய்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அது நடந்திருக்கிறதா என்று பார்த்தான். பழைய கடன் எதுவும் வண்டிமேல் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, படிவம் 29-லும் 30-லும் கையெழுத்து வாங்கினோம். பதினான்கு நாளுக்குள் இன்ஷ்யூரன்ஸையும் என் பெயருக்கு மாற்றியாயிற்று.

வண்டி புன்னைக்காயலுக்கு வரவேண்டிய நாள் வந்தது. அப்போதுதான் ஒரு தர்ம சங்கடம் ஏற்பட்டது. இரண்டு ஆசனத்தில் ஒன்று என்னுடையது. மற்றது யாருக்கு? ஐம்பது வருஷமாக என் மனத்தில் பறந்துகொண்டிருந்த புடைவைத் தலைப்பை எண்ணி, மனைவியைக் கூப்பிட்டேன்.

"நான் நாளைக்கு வருகிறேன். இன்றைக்குக் கயிறு பிடித்தவன் உட்காரட்டும்" என்றாள்.

ஆத்தூர் தாண்டிச் சாலை திரும்பியதும் வண்டியை நிறுத்திக் கூரையை மடக்கினோம். இருபுறமும் உப்பளம், குவித்து வைத்த உப்பின்மேல் மாலை வெயில். காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் என் மைத்துனன் ஏதோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைத்து, "என்ன மாப்பிள்ளை?" என்றேன்.

"வீட்டுக்குப் போனதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணி விட்டுக் கழுவணும், அத்தான். வாரா வாரம் கழுவணும்" என்றான்.

அன்று முதல் வாரா வாரம் கழுவி வருகிறேன். வீட்டு மேல்தளமும் போட்டாயிற்று. சென்ற கார்த்திகை மழையில் ஒரு பாத்திரமும் வைக்கவில்லை. மழை விட்ட சாயங்காலங்களில் நானும் என் மனைவியும் முகத்துவாரம் வரையில் போய் வருகிறோம். தலைப்பு பறக்காமல் இடுப்பில் இறுகச் சொருகிக்கொண்டுதான் அவள் உட்காருகிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை.