போனில் கேட்கலாம், போனில் முடிக்கக் கூடாது

நன்கொடை கேட்டு போன் செய்கிறவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு நல்ல வேளைகள் உண்டு. காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஆவடிக்கு. டாங்க் தொழிற்சாலையிலும் ராணுவ உடைத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரம் அது. போனை எடுப்பார்கள், நின்று பேசவும் செய்வார்கள். மாலை நாலிலிருந்து ஆறு வரை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு. டீ வந்திருக்கும். லேத் பட்டறை முதலாளி மெஷின் சத்தத்திலிருந்து நாலடி தள்ளி வந்து, "சீக்கிரம் சொல்லும்மா" என்பார். பூந்தமல்லி, திருவேற்காடு பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகளைப் பிடிக்க வேண்டுமென்றால் சனிக்கிழமைதான்.

அப்படிப் போன் செய்கிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்து பேசியவள் நான். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில் இருந்தது எங்கள் அறை. பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் நன்கொடைக் கணக்கைப் பார்க்கும் வேலைக்கு வந்தேன். இப்போது அங்கே புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதும் என் வேலைதான். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த மாதிரி போன் வந்தா என்னங்க சொல்றது?" அதற்குப் பதில் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

முதலில் டேட்டா. பெயர், எண், ஊர் என்று வரிசையாக அச்சிட்ட தாள். சில தாள்களில் பிறந்தநாளும் இருக்கும். குடியிருப்போர் சங்கப் பட்டியல், பழைய மாணவர் பட்டியல், எந்தக் கடையிலோ குலுக்கலுக்கு எழுதிப் போட்ட சீட்டு, எல்லாம் கைமாறி வந்து சேரும். இவற்றில் விலை அதிகமான பெயர், வேறெங்கோ ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தவருடையது. ஒரு ட்ரஸ்டுக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்பிய மறுமாதமே இன்னும் நாலு ட்ரஸ்டிலிருந்து போன் வருகிறதே என்று பலர் வியப்பார்கள். அந்த அறைகளில் இருந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது.

அடுத்து ஸ்கிரிப்ட். "சார் வணக்கம், நல்லா இருக்கீங்களா சார்?" என்று அது தொடங்குவது வெறும் மரியாதைக்காக இல்லை. "நல்லா இருக்கேன்ம்மா" என்று சொன்ன வாயால் அடுத்த நிமிடமே "முடியாது" என்று சொல்லக் கூச்சம் வரும். பிறகு "ஒரே ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று ஒரு சின்னச் சம்மதம். அதன்பிறகு கதை: எங்க ஹோம்ல நாப்பது பசங்க, இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ஸ்பான்சர் இல்ல சார். கடைசியாகத் தொகை, மேலிருந்து கீழே இறங்கும். ஒரு வேளைச் சாப்பாடு நாலாயிரம். இல்லன்னா ஒரு மூட்டை அரிசி. அதுவும் கஷ்டம்னா உங்களால முடிஞ்சது, ஒரு ஐந்நூறு. கேட்பவளின் மனசில் முதலிலிருந்தே இருந்தது அந்த ஐந்நூறுதான்.

இத்தனைக்கும் நடுவே எனக்கு மிகவும் கவனமாகக் கற்றுத்தரப்பட்டது பேச்சு இல்லை, பேசாமல் இருப்பது. தொகையைச் சொன்னபிறகு வாயைத் திறக்கக் கூடாது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. நம் ஊரில் போனில் மௌனம் நீண்டால் யாருக்கும் தாங்காது. எதிர்முனையில் இருப்பவர் தானாகவே அதை நிரப்புவார். "சரிம்மா... ஐந்நூறு போட்டுடறேன்." யார் முதலில் பேசுகிறாரோ அவர் கொடுத்துவிடுவார் என்பது அந்த அறையின் பாடம். போனை எடுப்பவருக்கும் இதுவே முதல் பாடம். அந்த மௌனத்தை நிரப்பும் கடமை உங்களுடையது இல்லை.

இதுவரை சொன்ன எதிலும் பொய் இல்லை. ஹோம் உண்மையாக இருக்கலாம், நாற்பது பிள்ளைகளும் உண்மையாக இருக்கலாம். தொழில் கெடுவது கமிஷனில். பேசுகிற பெண்ணுக்குச் சொற்பச் சம்பளம்; மேலே போக வேண்டுமென்றால் வசூலில் ஒரு பங்கு. பைக்கில் ரசீது புத்தகத்தோடு வீட்டுக்கு வரும் கலெக்‌ஷன் பையனுக்கு ஒரு பங்கு. டார்கெட் எட்டாத வாரத்தில் டீம் லீடர் குரல் ஏறும். அப்போதுதான் ஸ்கிரிப்டில் இல்லாத ஆபரேஷன் ஒன்று வந்து சேரும்: நாலு வயசுக் குழந்தை, இதயத்தில் ஓட்டை, ஆறு மணிக்குள்ளே பணம் கட்டணும்.

இந்தக் கதையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். எழும்பூரில் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் இன்று முதலமைச்சரின் பெயரில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது உரியது. இவை இருப்பதால் யாருக்கும் பணத் தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டத்தில் அடங்காத மருந்து, ஊரிலிருந்து வந்து போகும் செலவு, கூட இருப்பவரின் வேலை இழப்பு எல்லாம் நிஜம். ஆனால் நிஜமான தேவைக்கு ஒரு மருத்துவமனைப் பெயர் இருக்கும், நோயாளி எண் இருக்கும், மருத்துவமனைக்கே நேராகப் பணம் கட்டும் வழி இருக்கும். "அங்கேயே கட்டிடறேன்ம்மா, விவரம் அனுப்புங்க" என்றதும் எதிர்முனையில் குரல் மாறினால் கதை அவ்வளவுதான். காப்பகக் குழந்தையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி உருக்குகிறார்களா? இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு அப்படி அடையாளம் காட்டுவதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி எந்தக் குழந்தைகள் இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். "உங்க பதிவு எண் என்னம்மா?" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. ஒழுங்கான இல்லத்தில் அந்த எண் அலுவலகச் சுவரிலேயே மாட்டியிருக்கும்.

"எங்களது ரெஜிஸ்டர்டு ட்ரஸ்ட் சார்" என்பது அடுத்த கேடயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் அது ரெஜிஸ்டர்டுதான். அதற்குப் பிறகு வசூலை யார் பார்க்கிறார்கள்? மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறக்கட்டளைகளை மேற்பார்வையிட ஓர் ஆணையர் இருக்கிறார். நம் மாநிலத்தில் கோயில்களுக்கு அறநிலையத் துறை உண்டு, பொதுவான அறக்கட்டளைகளுக்கு அப்படியோர் ஆணையர் இல்லை. ஓரளவு கண் வைத்திருப்பது வருமான வரித் துறைதான். ஆகவே கேட்க வேண்டியது 80ஜி என்று நாம் பழகிய விலக்குக்கான பதிவு எண்ணை. அத்துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

"முழுசும் டாக்ஸ் ஃப்ரீ சார்" என்றால் நம்ப வேண்டாம். பெரும்பாலான ட்ரஸ்டுகளுக்குக் கொடுத்த தொகையில் பாதிதான் கழிவாகும், அதற்கும் வரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் இந்தச் சலுகை இல்லை; 2023-24 முதல் நாமாகப் பழையதைக் கேட்டு வாங்காவிட்டால் எல்லோருக்கும் புதிய முறைதான். கலெக்‌ஷன் பையன் கிழித்துத் தரும் அச்சிட்ட ரசீதும் இப்போது போதாது. 2021-22 முதல், ட்ரஸ்ட் தன் கொடையாளர் பட்டியலை வரித் துறைக்கு அனுப்பி, 10பிஇ என்று நாம் பழகிய சான்றிதழை எடுத்துத் தர வேண்டும். உங்கள் பான் எண்ணையே கேட்காமல் ஒருவர் வரிவிலக்கு பேசினால், அந்தச் சான்றிதழ் வரப்போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

போன் வராமலே தடுக்க முடியாதா? 1909-க்கு அழைத்தோ, ஸ்டார்ட் 0 என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பியோ விளம்பர அழைப்புகளை முழுதாக நிறுத்தலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ட்ராயின் 2018 விதிமுறை வங்கி, வீடு-மனை, கல்வி, உடல்நலம், சுற்றுலா, உணவு என்று வகை பிரித்திருக்கிறது. நன்கொடைக்கென்று அதில் ஒரு வகை இல்லை. விளம்பர அழைப்பு என்பதற்கான வரையறையும் பொருள், சேவை, வியாபாரம், முதலீடு என்றே பேசுகிறது. விளம்பரக்காரர்கள் 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து அழைக்க வேண்டும். சின்ன ட்ரஸ்டின் பெண்ணோ சாதாரணப் பத்து இலக்க சிம்மிலிருந்து பேசுகிறாள். எனவே தடை போட்டபிறகும் எங்கள் குரல் வரும். அந்த எண்ணைப் புகார் செய்யலாம்; 2025 திருத்தத்துக்குப் பிறகு அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் செய்தால் போதும். ஏமாற்று என்று தோன்றினால் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதி இருக்கிறது. பணம் போயே விட்டதென்றால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. இங்கே அம்பத்தூர் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம் என்று பிரிந்து கிடந்தாலும், 2022 முதல் மூன்று ஊருக்கும் ஆவடி காவல் ஆணையரகம்தான். புகாரை எங்கே கொடுப்பது என்று குழம்ப வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இதே தொல்லைதான். அமெரிக்காவில் ராணுவத்திலிருந்து திரும்பியவர்களின் பெயரைச் சொல்லி வசூலித்த ஒரு போன் நிறுவனம் நூற்றுக்கு 85-ஐத் தானே வைத்துக்கொண்டது. அதிகக் கமிஷன் வாங்குவது மட்டும் குற்றமாகாது. பணம் எங்கே போகிறது என்று கொடுப்பவரிடம் பொய் சொன்னால் அது மோசடி என்று 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனில் 2015-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த 92 வயது ஆலிவ் குக் என்ற மூதாட்டி இறந்தபோது, ஏகப்பட்ட அறநிறுவனங்கள் அவரிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த செய்தி வெளியே வந்தது. சாவுக்கு அதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொல்லவில்லை. ஆனால் மறு ஆண்டே அங்கே நிதி திரட்டலுக்கென்று ஒரு கண்காணிப்பு அமைப்பு வந்தது. இன்ன நிறுவனம் என்னிடம் கேட்கக் கூடாது என்று பெயர் குறித்துச் சொல்லும் வசதி 2017-இல் வந்தது.

நமக்கு அந்த வசதி வரும்வரை சில வாக்கியங்களே துணை. "போன்ல கேட்டு நான் பணம் தர்றதில்லம்மா. விலாசம் அனுப்புங்க, வந்து பார்க்கிறேன்." இதைக் கோபப்படாமல், ஒரே குரலில், ஒருமுறை சொன்னால் போதும். காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஸ்கிரிப்டில் ஒரு பதில் உண்டு. "மாசக் கடைசி" என்றால் "அஞ்சாம் தேதி கூப்பிடட்டா?" வரும். "வீட்டுக்காரர்கிட்ட கேட்கணும்" என்றால் "அவர் நம்பர் குடுங்கம்மா" வரும். காரணம் இல்லாத மறுப்புக்கு மட்டும் பதில் எழுதி வைக்கவில்லை. தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்த ஒரு வாக்கியத்தைப் போன் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். திட்டுவதால் பயன் இல்லை. எதிரே இருப்பது டிகிரி முடித்து, பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வரும் ஒரு பெண். உங்கள் வசவு டீம் லீடர் வரை போகாது.

வந்து பார்க்கிறேன் என்றால் உண்மையாகவே போகவும் வேண்டும். நம் பக்கத்தில் அது கஷ்டமில்லை. திருநின்றவூரை அடுத்த கசுவா கிராமத்தில் 1988-இல் தொடங்கிய சேவாலயா போலப் பள்ளியும் குழந்தைகள் இல்லமும் முதியோர் இல்லமும் நடத்தும் இடங்கள் உண்டு. வெளியே பலகை மட்டும் வைத்த சின்ன வீடுகளும் உண்டு. உள்ளே போனால் சமையற்கட்டைப் பாருங்கள், சாப்பாட்டு நோட்டைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேர் பிரியாணி எழுதியிருப்பார்கள். பிறந்தநாள், திதி, அமாவாசை எல்லாம் நிரம்பியிருக்கும். செவ்வாயும் புதனும் வெறுமனே கிடக்கும். "ஞாயிறு வேணாங்க, செவ்வாய்க்கிழமை குடுங்க, இல்லன்னா கரண்ட் பில் கட்டுங்க" என்று சொல்கிற இல்லத்துக்குத் தன் தேவை என்னவென்று தெரிந்திருக்கிறது. அங்கே கொடுக்கலாம்.

இதனால்தான் என்னிடம் பயில வரும் பெண்களுக்கு ஸ்கிரிப்டின் கடைசி வரியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தொகை சொன்னதும் மௌனம் வந்தால் அதை உடைக்க வேண்டியது கேட்டவர்தான்: "சார், இப்பவே சொல்ல வேண்டாம். விவரம் அனுப்புறேன். ஒருநாள் வந்து பாருங்க, பிடிச்சா செய்யுங்க." இப்படிப் பேசினால் அன்றைய வசூல் குறையும், மறைக்க மாட்டேன். நிர்வாகிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வந்து பார்த்துக் கொடுத்தவர் அடுத்த ஆண்டு நாங்கள் கேட்பதற்கு முன்னால் தானே கூப்பிடுகிறார். அவர் பெயரை எந்தத் தாளிலும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் நான் அந்தப் பெண்களின் நோட்டை வாங்கிப் பார்ப்பது, போன ஆண்டு கொடுத்தவர் இந்த ஆண்டும் கொடுத்தாரா என்ற கட்டத்தைத்தான். இன்று வந்த தொகையை வைத்து ஒரு பெண்ணின் திறமையை அளக்க ஆரம்பித்தால், அடுத்த வாரமே ஸ்கிரிப்டுக்குள் ஓர் ஆபரேஷன் நுழைந்துவிடும்.